களத்தில் வீழாத ஹமீதா பானு

சங்க இலக்கியத்தில் மற்போரைப் பற்றிய மிகத் தெளிவான சித்திரம் புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களில் கிடைக்கிறது. உறையூரை ஆண்ட தித்தனின் மகனான போரவைக்கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழ இளவல், முக்காவனாட்டு ஆமூரில் புகழ்பெற்ற மல்லன் ஒருவனை எதிர்த்துப் பொருது வீழ்த்தினான். முதல் மூன்று பாடல்களைப் பாடியவர் சாத்தந்தையார். அடுத்த மூன்றையும் பாடியவர் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர். அரியலூருக்கும் உறையூருக்கும் தொலைவு அதிகமில்லை. ஆகவே இதை நம் வட்டாரத்தின் பழங்கதை என்றே கொள்ளலாம்.

நக்கண்ணையார் பாடியவற்றுள் இறுதிப் பாடல் சிந்தனைக்குரியது. வென்ற வீரன் அந்த ஊரினன் அல்லன். அந்த நாட்டினனும் அல்லன். எனவே போர் முடிந்தபின் ஊரார் இரு பிரிவாகின்றனர். வெற்றி அவனுடையதே என்கின்றனர் ஒரு சாரார். இல்லவே இல்லை என்கின்றனர் மறு சாரார். புலவரோ காற்சிலம்பு ஒலிக்க ஓடிச்சென்று, தம் வீட்டுப் பனையின் அடிமரத்தைப் பற்றி நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாலேயே கண்டதாகச் சொல்கிறார். எதிரியை மண்ணில் சாய்த்துவிட்டால் மட்டும் வெற்றி கைகூடிவிடுவதில்லை. வென்றவர் யார், எந்த ஊரார், எந்த இனத்தார் என்பதையெல்லாம் பார்த்த பிறகே உலகம் அதனை ஒப்புக்கொள்கிறது. இவ்வுண்மையை அப்புலவர் அன்றே கண்டிருந்தார்.

ஏறத்தாழ இருபது நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அதே வழக்கு வட இந்தியாவிலும் மராட்டிய மண்ணிலும் மீண்டும் எழுந்தது. இம்முறை களத்தில் நின்று பொருதவரே ஒரு பெண். அவர் பெயர் ஹமீதா பானு. இந்தியாவின் முதல் பெண் தொழில்முறை மல்யுத்த வீராங்கனை எனப் பலராலும் குறிக்கப்படுபவர். அவருடைய புகழ் ஏறிய வேகமும் அணைந்த வேகமும் வியப்பூட்டுவன. அந்தக் குறுகிய வாழ்க்கையைச் சற்றே நின்று நோக்குவோம்.

ஒரு நிமிடம் 34 நொடி

1954 பிப்ரவரியில் ஹமீதா பானு ஓர் அறைகூவல் விடுத்தார். தம்மை மற்போரில் வெல்லும் ஆடவரைத் தாம் மணந்துகொள்வதாக அறிவித்தார். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக வெளியிட்டன. அவ்வறிவிப்பின் பின்னர் பட்டியாலாவைச் சேர்ந்த ஒருவரையும் கல்கத்தாவைச் சேர்ந்த ஒருவரையும் அவர் வென்றார். மூன்றாவது களம் குஜராத்தின் வடோதரா. அக்காலத்தில் அது பரோடா எனப்பட்டது. ஊரெங்கும் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. வண்டிகளில் விளம்பரத் தட்டிகள் வலம் வந்தன.

அங்கு அவரை எதிர்க்க முதலில் ஒப்புக்கொண்டவர் பரோடா மன்னரின் ஆதரவு பெற்ற சோட்டா காமா பயில்வான். கடைசி நேரத்தில் அவர், தாம் ஒரு பெண்ணோடு மோதுவதில்லை எனச் சொல்லி விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக பாபா பயில்வான் என்பவர் களமிறங்கினார். 1954 மே மாதத் தொடக்கத்தில் செய்தியான அப்போட்டி ஒரு நிமிடம் 34 நொடிகளில் முடிந்தது. வென்றவர் ஹமீதா பானு. தோற்ற பாபா பயில்வான், அதுவே தம் கடைசிப் போட்டி என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார் எனச் செய்திகள் கூறின. ஒரு நிமிடத்திற்குச் சற்றே கூடுதலான அந்தப் போட்டி, ஓர் ஆடவரின் தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வென்றவரின் தொழிலும் ஏறக்குறைய முடிந்துவிடும் என்று அன்று அரங்கில் இருந்தோர் ஒருவரும் எண்ணியிருக்கமாட்டார்.

மண்ணும் பாலும் உழைப்பும்

ஹமீதா பானுவின் சொந்த ஊர் உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் என்பர். பயிற்சிக்காக அவர் அலிகருக்குச் சென்றார். அங்கு அவருக்குக் கற்பித்தவர் சலாம் பயில்வான். நாளிதழ்கள் பின்னர் அவருக்கு ‘அலிகரின் அமேசான்’ என்று பெயர் சூட்டின. கிரேக்கத் தொன்மக் கதைகளில் வரும் போர்மகளிர் கூட்டத்தின் பெயர் அது.

நம் பகுதியில் கரடிக்கூடம் என்று வழங்குவதை வடக்கே அகாடா என்பார்கள். தரையை அகழ்ந்து, நல்ல மண்ணைச் சலித்து நிரப்பி, அதில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் கலந்து பதப்படுத்துவார்கள். விடியுமுன் எழுந்து அம்மண்ணைக் கொத்திப் புரட்டுவதே முதற்பயிற்சி. பின்னர் நூற்றுக்கணக்கில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றல், அதன் பிறகே பிடியும் விடுப்பும். எதிரியின் இரு தோள்களும் ஒருங்கே மண்ணில் பதியும்படி மல்லாத்துவதே வெற்றி. உடல் வலிமை ஒரு பங்கு என்றால், எதிரியின் எடை எப்பக்கம் சாய்கிறது என்பதை நொடியில் உணரும் கூர்மை மறு பங்கு. இவையனைத்தும் ஆடவருக்கே உரியவை என்று வேலியிட்டிருந்த இடத்திற்குள்ளேதான் இப்பெண்மணி நுழைந்தார்.

அவர் உயரம் 5 அடி 3 அங்குலம். எடை 108 கிலோ. நாளுக்கு ஒன்பது மணி நேரம் உறக்கம், ஆறு மணி நேரம் பயிற்சி. அவருடைய அன்றாட உணவைப் பற்றிப் பத்திரிகைகள் பட்டியலே வெளியிட்டன: 5.6 லிட்டர் பால், 2.8 லிட்டர் சூப்பு, 1.8 லிட்டர் பழச்சாறு, ஒரு கோழி, ஏறத்தாழ ஒரு கிலோ ஆட்டிறைச்சி, பாதாம் பருப்பு, அரைக் கிலோ வெண்ணெய், ஆறு முட்டை, இரண்டு பெரிய ரொட்டி, இரண்டு தட்டுப் பிரியாணி. பத்திரிகைகள் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். எனினும், பெண்கள் கடைசியாக உண்ணுவதும் மிஞ்சியதை உண்ணுவதுமே வழக்கமாயிருந்த நாட்டில், ஒரு பெண்ணின் உணவுத் தட்டு இவ்வளவு வெளிப்படையாகப் பேசப்பட்டதே ஒரு புதுமைதான். தம் உடலை வலிமைக்காக வளர்த்த ஒரு பெண்ணை அந்நாளைய வாசகர்கள் வியப்பும் அச்சமும் கலந்த கண்களோடு பார்த்தனர்.

அரண்மனையிலிருந்து நுழைவுச்சீட்டுக்கு

ஹமீதா பானுவின் அறைகூவலைப் புரிந்துகொள்ள அக்கால மல்யுத்தத் தொழிலின் நிலையை அறிதல் வேண்டும். மல்லர்களைப் பேணியவர்கள் சுதேச மன்னர்கள். பட்டியாலா, பரோடா, கோலாப்பூர் முதலிய அரண்மனைகள் அவர்களுக்குச் சோறிட்டன. கோலாப்பூரின் சாகு மகாராஜா காலத்தில் காஸ்பாக் மல்யுத்த அரங்கம் 1912இல் எழுந்தது. 1910இல் இலண்டனுக்குச் சென்ற காமா, அங்கு போலந்து நாட்டு வீரர் ஸ்பிஸ்கோவைத் திணறடித்துத் திரும்பினார். 1928இல் அதே ஸ்பிஸ்கோவைப் பட்டியாலாவில் ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார். அப்போட்டியை நடத்தியதும் ஓர் அரண்மனையே. அரண்மனை இருந்தவரை மல்லர் கூட்டத்தைத் திரட்டவேண்டிய தேவை இல்லை. விளம்பரம் செய்யவேண்டிய தேவையும் இல்லை.

1947இல் நாடு விடுதலை பெற்றது; சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தன. மன்னராட்சியின் மறைவு மக்களுக்கு நன்மை. ஆனால் பயில்வானின் பால் செம்பை நிரப்ப இனி யார் இருக்கிறார்கள்? பதில் ஒன்றே: நுழைவுச்சீட்டு வாங்கும் கூட்டம். மல்யுத்தம் நகரங்களை நோக்கி நகர்ந்தது. ஒப்பந்தக்காரர்கள் தோன்றினர். சண்டையோடு வேடிக்கையும் சேர்ந்தது. கண் பார்வையற்ற ஒருவரையும் கால் ஊனமுற்ற ஒருவரையும் மோதவிடும் கொடிய வேடிக்கையைக்கூட ஹமீதா பானுவின் போட்டியோடு ஒரே நிகழ்ச்சியில் வைக்க ஏற்பாட்டாளர்கள் திட்டமிட்டதாகப் பதிவு உண்டு. இத்தகைய சந்தையில்தான், ‘என்னை வென்றால் மணம்’ என்ற அறைகூவல் பிறந்தது. அதனை வெறும் ஆணவம் என்றோ வெட்கமின்மை என்றோ கொள்ளுதல் தவறு. அரண்மனை இல்லாத காலத்தில் ஒரு தொழிலாளி தம் தொழிலுக்குக் கூட்டம் சேர்த்த முறை அது.

வெற்றியா, அன்றா?

கூட்டம் வந்தது. ஆனால் கூட்டத்தின் மனம் நேரானதாயில்லை. 1944இலேயே பம்பாயில் ஒரு முன்னோட்டம் நடந்தது. கூங்கா பயில்வானோடு ஹமீதா பானு மோதுவதைக் காண ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். கூடுதல் பணமும் கூடுதல் அவகாசமும் கேட்டு எதிராளி தரப்பு முரண்டு பிடித்ததால் போட்டி நின்றுபோயிற்று. சினங்கொண்ட மக்கள் அரங்கைச் சூறையாடினர் என ‘பாம்பே கிரானிக்கிள்’ நாளிதழ் எழுதியது. பத்தாண்டுகளுக்குப் பின் கிளம்பிய சினமோ வேறு வகையானது. மல்யுத்தத்தின் தாயகம் எனத் தன்னைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கோலாப்பூரில், சோபா சிங் பஞ்சாபி என்னும் ஆடவரை அவர் வென்றபோது, கூடியிருந்தோர் கூச்சலிட்டுக் கல்லெறிந்தனர். காவல்துறை தலையிடவேண்டியதாயிற்று. அந்தப் போட்டி பொய்யானது என்பதே அவர்கள் வாதம். புனேயில் ராமச்சந்திர சாளுங்கேயோடு நடைபெறவிருந்த போட்டி, உள்ளூர் மல்யுத்த அமைப்பின் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது.

ஹமீதா பானு வாய்மூடி இருக்கவில்லை. அப்போது பம்பாய் மாநிலத்தின் முதலமைச்சராயிருந்த மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார். அவர் அளித்த விடை, தடைக்குக் காரணம் பெண் என்பதன்று, ஏற்பாட்டாளர்கள் அவருக்கெதிராகப் போலி எதிராளிகளை நிறுத்துகிறார்கள் என்று வந்த புகார்களே காரணம் என்பதாகும்.

இங்கே நாம் நேர்மையோடு இரு பக்கமும் நோக்கவேண்டும். முன்னரே பேசிவைத்துக்கொண்டு மோதும் மற்போருக்கு வடக்கே ‘நூறா குஸ்தி’ என்று ஒரு தனிப் பெயரே உண்டு. பெயர் இருக்கிறதென்றால் வழக்கமும் இருந்தது என்றே பொருள். ஹமீதா பானு ஏறிய மேடைகளில் ஒன்றுகூட அத்தகையதன்று என எவராலும் உறுதி கூற இயலாது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிகள் என்ற அக்கால விளம்பரத்தையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. போலிப் போட்டி என்றால் அதில் பங்கு கொண்டவர் இருவர்; நடத்தியவர் மூன்றாமவர். குற்றம் மூவருக்கும் பொதுவாயிருக்க, கல் மட்டும் ஏன் ஒருவரை நோக்கியே பறந்தது? தாரா சிங்கும் கிங் காங்கும் மோதிய ‘ஃப்ரீ ஸ்டைல்’ போட்டிகளை எடுத்துக்கொள்வோம். சென்னை உள்ளிட்ட நகரங்களில் மக்கள் அவற்றைத் திரள் திரளாகச் சென்று கண்டனர். அவற்றிலும் சண்டை எவ்வளவு, நாடகம் எவ்வளவு என்ற ஐயம் இருக்கவே செய்தது. அந்த ஐயத்தால் தாரா சிங்கின் புகழ் சிறிதும் குன்றவில்லை. அவர் திரைப்பட நடிகரானார். தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வீடுதோறும் வந்தார். 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராயிருந்தார். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆடவர் வென்றால் ‘வென்றார்’ என்று நம்பிவிட்டு ஐயத்தைப் பின்னர் வைத்துக்கொள்வதும், பெண் வென்றால் முதலிலேயே ஐயுற்று நம்பிக்கையைப் பின்னர் வைத்துக்கொள்வதும் உலக வழக்கமாயிருந்தது என்பதையே இவ்விரு வாழ்க்கைகளும் காட்டுகின்றன. ஆமூரில் வேற்றூரானுக்கு நேர்ந்தது கோலாப்பூரில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது.

வலிய பெண்ணும் நம் கதைகளும்

வலிமையைத் திருமணத்தோடு முடிச்சிடும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. கலித்தொகையின் முல்லைப் பகுதியில் ஏற்றின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயர்மகள் ஏற்பதில்லை. நம் தென்மாவட்டச் சிற்றூர்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிபவனே மணத்திற்குத் தகுதியுடையவன் என்ற பேச்சு நெடுநாள் வழங்கியது. இவற்றிலெல்லாம் சோதிப்பது காளையோ கல்லோ. பெண் ஓரமாய் நின்று பார்ப்பவள். ஹமீதா பானு செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: காளையும் கல்லும் இருந்த இடத்தில் தாமே வந்து நின்றார்.

வலிய பெண்களைப் பற்றிய நம் பழங்கதைகளையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். மதுரைத் தடாதகைப் பிராட்டியார் எட்டுத் திசையும் வென்று வருகிறார். கயிலையில் தமக்குரியவரைக் கண்டதும் வில் தாழ்ந்து, மணமாலை விழுகிறது. அல்லி அரசாணியின் கதையோ வேறு. அவளை நேர்நின்று வெல்ல எவராலும் இயலவில்லை. ஆகவே அர்ச்சுனன் சூழ்ச்சியால் அவள் இருப்பிடம் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். நம் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்தாகப் பார்த்துச் சிரித்து மகிழ்ந்த கதை அது. வலிய பெண்ணொருத்தி கதையில் வந்தால், எவ்வாறேனும் அவள் அடங்கும்போதுதான் கதை முடிந்ததாகக் கேட்போர் மனம் நிறைகிறது. களத்தில் அடங்காவிட்டால் வீட்டில்; விழிப்பில் இயலாவிட்டால் உறக்கத்தில்.

ஹமீதா பானுவின் அரங்கிற்கு வந்தோருள் பலரும் அவர் வெல்வதைக் காண வந்தவர்கள் அல்லர். என்றேனும் ஒருநாள் அவர் வீழ்வதைக் காண வந்தவர்கள். அவர் விடுத்த அறைகூவலே அந்த எதிர்பார்ப்பின் மீதுதான் கட்டப்பட்டிருந்தது. அவர் வீழ்ந்தால் திருமணம், கதை நிறைவுறும். ஆனால் அவரோ போட்டிக்குப் போட்டி வென்று, அந்த நிறைவை அவர்களுக்குத் தர மறுத்துக்கொண்டே வந்தார்.

நடுவர் இல்லாத களம்

1954இல் பம்பாயில் ஹமீதா பானு எதிர்கொண்டவர் வேரா சிஸ்டிலின் என்னும் பெண். ‘ரஷ்யாவின் பெண் கரடி’ என விளம்பரப்படுத்தப்பட்டவர். அப்போட்டி ஒரு நிமிடத்திற்குள் ஹமீதா பானுவின் வெற்றியில் முடிந்தது. அதே ஆண்டில் அவர் தாம் ஐரோப்பாவிற்குச் சென்று அங்குள்ளவர்களோடு மோதப்போவதாக அறிவித்தார். காமா கப்பலேறி நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் சென்ற அதே கடல்வழியில் ஒரு பெண்ணும் செல்ல எண்ணினார்.

அவர் செல்லவில்லை. அறிவிப்புக்குப் பின் அவர் பெயர் செய்தித்தாள்களிலிருந்து மறையத் தொடங்கியது. காரணம் எந்த நாளிதழிலும் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவருடைய குடும்பத்தாரும் அயலவரும் செய்தியாளர்களிடம் நினைவுகூர்ந்தபோதுதான் அது வெளிப்பட்டது. ஐரோப்பியப் பயணத்தைப் பயிற்சியாளரான சலாம் பயில்வான் விரும்பவில்லை. அவரைத் தடுக்கத் தடியால் அடித்தார். அந்த அடியில் கை கால் எலும்புகள் முறிந்தன. சில காலம் அவரால் எழுந்து நிற்கவும் இயலவில்லை. எலும்பு கூடிய பின்னரும் ஆண்டுக் கணக்கில் கைத்தடி ஊன்றியே நடந்தார். இது அவர்கள் கூறும் செய்தி. அவ்விருவரும் மணம் செய்துகொண்டவர்களா அல்லரா என்பதில் உறவினரிடையே ஒத்த கருத்தில்லை. அடி விழுந்ததைப் பற்றி, அறிந்தவர்கள் கூறும் செய்தி ஒன்றாகவே இருக்கிறது.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். மற்போர்க் களம் கடுமையானது. ஆயினும் அங்கு சில காவல்கள் உண்டு. எல்லை உண்டு, காலக்கணக்கு உண்டு, செய்யத்தகாதவை இவையென வரையறை உண்டு, விலக்கிவிட நடுவர் உண்டு, பார்த்துக்கொண்டிருக்கும் ஆயிரம் கண்கள் உண்டு. தோள் மண்ணில் பட்டதும் பிடியைத் தளர்த்தியாக வேண்டும். அக்காவல்கள் இருந்த இடத்தில் ஹமீதா பானுவைச் சாய்க்க முன்வந்த ஆடவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தோற்றனர். வீட்டிற்குள் எல்லையும் இல்லை, காலக்கணக்கும் இல்லை, நடுவரும் இல்லை. அங்கேதான் அவர் வீழ்த்தப்பட்டார். வீழ்த்தியது எதிராளியன்று. பிடியையும் விடுப்பையும் கற்றுக்கொடுத்த கையே.

ஆசான் ஒருவர் தம் மாணவரின் ஆற்றலைத் தம் உடைமையாக எண்ணத் தொடங்கும்போது விளையும் தீமை இது. மாணவரின் வெற்றி ஆசானுக்குப் பெருமையே. ஆயினும் அந்த வெற்றி ஆசானின் கண்ணெல்லையைக் கடந்து செல்லும் நாள் ஒன்று வந்தே தீரும். அந்நாளில் வாழ்த்தி அனுப்புகிறவரே ஆசான். கப்பலேறும் காலை முறிக்கிறவர் அதுவரை கற்பித்ததையெல்லாம் தாமே அழித்துவிடுகிறார்.

கல்யாணில் எஞ்சிய ஆண்டுகள்

அதன் பின்னர் ஹமீதா பானு பம்பாயை அடுத்த கல்யாணில் வாழ்ந்தார். அங்கு பால் வியாபாரம் தொடங்கப்பட்டிருந்தது. சலாம் பயில்வான் காலப்போக்கில் அலிகருக்குத் திரும்பிவிட, இவர் கல்யாணிலேயே தங்கிவிட்டார். எருமை வளர்த்துப் பால் விற்றார். சிறு கட்டடங்களை வாடகைக்கு விட்டார். பணம் குறைந்த காலத்தில் சாலையோரத்தில் தின்பண்டம் செய்து விற்றார். நாளொன்றுக்கு 5.6 லிட்டர் பால் அருந்தியதாக எழுதப்பட்டவர், படி படியாகப் பிறருக்குப் பால் அளந்து பிழைத்தார். அந்த உழைப்பில் இழிவு ஏதுமில்லை. நேர்மையாக உழைத்து உண்ட வாழ்க்கை அது. ஆயினும் அவரிடம் பால் வாங்கியவர்களுள் எத்தனை பேருக்கு அந்தக் கைகள் என்ன செய்த கைகள் என்று தெரிந்திருக்கும்?

1986இல் அவர் மறைந்தார். ஓய்வூதியம் இல்லை, விருது இல்லை, நாட்டின் விளையாட்டு வரலாற்று நூல்களிலும் சில வரிகளுக்கு மேல் இடமில்லை.

காலம் மெல்ல நகர்ந்தது. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் அரியானாவைச் சேர்ந்த சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்றார். மல்யுத்தத்தில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. வடோதராப் போட்டியின் செய்தி வெளியாகி எழுபது ஆண்டுகள் நிறைந்த 2024 மே 4 அன்று கூகுள் நிறுவனம் தன் இணைய முகப்பில் ஹமீதா பானுவின் ஓவியத்தை வைத்துச் சிறப்பித்தது. பெயரே கேள்விப்படாத இளைஞர்கள் ‘இவர் யார்?’ என்று கேட்டனர். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட ஒருவருக்கு அது காலங்கடந்த மரியாதை. இருந்தும், இல்லாமற்போவதைவிட அது மேல்.

நமக்குள்ள பங்கு

இக்கதையை வடநாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம் அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களிலும் பள்ளித் திடலில் கபடி ஆடும் பெண்பிள்ளைகள் உண்டு. வெறுங்காலோடு ஓடி முதலிடம் பெறும் சிறுமியர் உண்டு. மாவட்டப் போட்டி வரை ஊரே கைதட்டுகிறது. மாநிலப் போட்டிக்கு வெளியூர் செல்லவேண்டும் என்றதும் வீட்டில் பேச்சு மாறுகிறது. ‘பெண்பிள்ளைக்கு எதற்கு?’ என்ற சொல் எழுகிறது. வரன் பார்க்கத் தொடங்கியதும் விளையாட்டுக் காலணி பரணில் ஏறுகிறது. இங்கு எவரும் தடியெடுத்து எலும்பை முறிப்பதில்லை. முறிக்காமலே நிறுத்திவிடுகிறோம்.

அந்நேரத்தில் அந்த வீட்டிற்குள் நடுவராக நின்று பேசவேண்டியவர்கள் யார்? உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் பேசலாம், தாய்மாமன் பேசலாம், பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசலாம், தானே ஒரு காலத்தில் ஓடி, பின்னர் நிறுத்தப்பட்ட அத்தை பேசலாம். ஹமீதா பானுவின் வீட்டில் அப்படி ஒருவர் எழுந்து தடியைப் பிடித்திருந்தால், ஐரோப்பிய அரங்குகளில் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் கற்பனை செய்யவேண்டியதில்லை. குறைந்தது, அவர் கைத்தடியின்றி நடந்திருப்பார்.

நக்கண்ணையார் மல்லர் அல்லர். போரை நிறுத்தவோ நடத்தவோ அவருக்கு அதிகாரமும் இல்லை. ஊர் இரண்டுபட்டு நின்றபோது அவர் செய்தது, ஓடிப்போய்ப் பார்த்ததும் பார்த்ததைத் தயங்காமல் சொன்னதுமே. அந்தச் சொல் இருபது நூற்றாண்டுகள் நிலைத்திருக்கிறது. ஹமீதா பானுவுக்கு வடோதராவில் சாட்சிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வீட்டில் அடிபட்ட அன்று, பேசத் துணிந்த சாட்சி ஒருவரும் இல்லை. நம் வீடுகளில் அடுத்த முறை ஒரு பெண்பிள்ளையின் காலணி பரணில் ஏறும்போது, நாம் எங்கே நிற்கப்போகிறோம்?